கரடியாரின் வலைப்பூவுக்கு வந்த முதல் வாசகர்

ஒரு காட்டில், ஆண்டவன் புண்ணியத்தில் தண்ணீர் குறைந்தாலும் சிக்னல் குறையாத ஒரு காட்டில், மாசிலாமணி என்று ஒரு கரடியார் இருந்தார். அவருக்குத் தையல்நாயகி என்று ஒரு மனைவி. பிள்ளைகள் வளர்ந்து அடுத்த மலையில் குடியேறிவிட்டார்கள். போன் பண்ணினால் "அம்மா, அப்பாவைப் பார்த்துக்கோ" என்பார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று மட்டும் ஒரு பிள்ளையும் சொன்னதில்லை.

கரடியார் தேன் தரக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் தரத்தைப் பார்த்துப் பார்த்தே சர்க்கரை வியாதி வந்துவிட்டது. மழைக்காலத் தொடக்கத்தில் இடது காலில் முள் குத்தியது. மழையும் நின்றது, ஓடையும் வற்றியது, புண் மட்டும் ஆறவில்லை.

"மரங்கொத்தி டாக்டர்கிட்ட ஒரு எட்டு போய்க் காட்டிட்டு வந்துடலாங்க" என்பாள் தையல்நாயகி.

"ஒரு முள்ளுக்கு டாக்டரா? உனக்கு என்ன தெரியும்?"

"தேனையாவது குறைச்சுக்கலாமே."

"கரடி தேன் குடிக்காம கஷாயமா குடிக்கும்? போய் வேலையைப் பாரு."

அவள் போய் வேலையைப் பார்த்தாள். வேப்பமரத்து அம்மனுக்கு விளக்கேற்றி, "தாயே, என் பேச்சைக் கேட்கிற புத்தியை இவங்களுக்குக் கொடு" என்று வேண்டிக்கொண்டாள். அம்மனால் முடிகிற காரியமும் உண்டு, முடியாத காரியமும் உண்டு. அதனால் அம்மன் சுற்று வழியாக வந்தாள்.

ஒருநாள் காலையில் கரடியார் சொன்னார்: "தையலு, நான் ஒரு வலைப்பூ ஆரம்பிக்கப் போறேன். என் அனுபவமெல்லாம் என்னோட போயிடக் கூடாது."

"போகாதுங்க. தினமும் எனக்குத்தான் சொல்லிட்டு இருக்கீங்களே."

"நீ ஒருத்தி கேட்டாப் போதுமா? உலகம் கேட்க வேண்டாமா?"

உலகம் கேட்கப் போகிறது என்றதும் தையல்நாயகிக்கு மனசு குளிர்ந்தது. அந்த நேரத்தில் தான் நிம்மதியாக நாலு அம்மன் பாட்டுப் பாடலாமே! உடனே இ-சேவை மையத்துக்குக் கிளம்பினாள். கால் வலி என்று கரடியார் வீட்டிலேயே இருந்துகொண்டார். வலிக்கிறது என்று ஒப்புக்கொள்வது இப்படி ஏதாவது வேலை வரும்போது மட்டும்தான்.

மையத்தை நடத்துவது ஒரு கிளி. அங்கே நீண்ட வரிசை. முன்னால் நின்ற பச்சோந்தி, அடையாள அட்டையில் உள்ள படத்துக்கும் தன் நிறத்துக்கும் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டு அழுதுகொண்டே போயிற்று. தையல்நாயகியின் முறை வந்தது.

"எழுதுறவர் பேரு சொல்லுங்கக்கா."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து கணவர் பெயரை அவள் வாயால் சொன்னதே கிடையாது.

"அழுக்கே இல்லாத ரத்தினம்னு வச்சுக்கோயேன்."

கிளி கொஞ்ச நேரம் யோசித்தது. "மாசிலாமணியா? உங்க வீட்டுக்காரரு, நீங்க சொன்னாச் சரிதான். கடவுச்சொல்லை நீங்களே போடுங்க. வாய்விட்டு யார்கிட்டயும் சொல்லக் கூடாத சொல்லா இருக்கணும்."

தையல்நாயகிக்கு அப்படிப்பட்ட சொல் உலகத்தில் ஒன்றுதான். அதையே போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கரடியார் கேட்டார்: "கடவுச்சொல் என்ன?"

"அதை என் வாயால சொல்ல மாட்டேங்க."

"எனக்கே ரகசியமா?"

"நீங்களே யோசிச்சுப் பாருங்க."

கரடியார் தேன் என்று போட்டுப் பார்த்தார், பலா என்று போட்டுப் பார்த்தார், பிள்ளைகள் பெயரைப் போட்டார், பழைய மேலதிகாரி பெயரைக்கூடப் போட்டார். நாள் முழுக்கத் தன்னைப் பற்றியே நினைக்கிறவருக்கு அது மட்டும் தோன்றவில்லை. கடைசியில் "நீயே திறந்து விடு" என்று போனை நீட்டினார். அன்றிலிருந்து வலைப்பூவைத் திறந்துவிடுவது அவள் வேலை. சமையல், துணி, வாசல் கூட்டுவது, அதோடு இதுவும்.

கரடியார் எழுதினார். முதல் பதிவு "மலைத்தேனும் நானும்". அடுத்தது "கொம்புத்தேனும் நானும்". அப்புறம் "முள்ளும் நானும்": கால் புண்ணை வீரத் தழும்பு போல வர்ணித்திருந்தார். ஒருத்தரும் படிக்கவில்லை. உலகத்துக்கு வேறு வேலை இருந்தது.

கரடியார் வாடிப் போனார். கருத்துப் பெட்டியைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், ஆறுதலுக்கு ஒரு குடுவை தேன் குடிப்பார். கால் வீங்கிக் கருத்தது. பாதம் தரையில் பதியவில்லை. அப்போதும் கேட்டால், "உனக்கு என்ன தெரியும்?"

தையல்நாயகி அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றினாள். "தாயே, ஒரு பொய் சொல்லப் போறேன். அவங்க பேரையும் எல்லாரும் பார்க்க எழுதப் போறேன். ரெண்டையும் மனசுல வச்சுக்காதே." கன்னத்தில் போட்டுக்கொண்டு, கருத்துப் பெட்டியில் எழுதினாள்:

"மதிப்பிற்குரிய மாசிலாமணி அவர்களுக்கு, தாங்கள் முள்ளை வர்ணித்த அழகில் என் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட எழுத்தாளர் புண்ணை டாக்டரிடம் காட்டாமல் இருப்பது இலக்கியத்துக்கே நஷ்டம். தேனை நிறுத்தினால் நடை இன்னும் மெருகேறும். இப்படிக்கு, பேராசிரியர் யானை, அயல்காடு."

கொஞ்ச நேரத்தில் வீடு அதிர்ந்தது.

"தையலு! பேராசிரியர் படிச்சிருக்காரு! என் துண்டை எடு!"

"எங்கேங்க?"

"டாக்டர்கிட்ட! படிச்சவங்க சொன்னா அதுல ஒரு அர்த்தம் இருக்கும்."

"நானும் இதைத்தானேங்க இத்தனை நாளாச் சொன்னேன்?"

"நீ சொன்னது நச்சரிப்பு. அவர் சொன்னது கருத்து."

மரங்கொத்தி டாக்டர் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பாதத்தையே எடுக்க வேண்டி வந்திருக்கும். உங்களை யார் அனுப்பினது?" என்றார்.

"ஒரு பேராசிரியர். பெரிய மேதை."

"அவரைத் தினமும் கும்பிடுங்க."

தையல்நாயகி பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தேன் நின்றது. புண் ஆறியது. கரடியார் நன்றிக்கடனாக ஒரு பதிவு எழுதினார்: "வீட்டிலிருக்கும் பெண்கள், ஒரு விஷயத்தை இதமாகச் சொல்வது எப்படி என்று பேராசிரியர் யானையிடம் கற்றுக்கொள்ள வேண்டும்."

தையல்நாயகி அதைப் பொறுமையாகப் படித்தாள். சாமி கும்பிடுகிறவளுக்குக் கோபம் வரக் கூடாது. கீழே எழுதினாள்: "அருமை! காலையில் பாகற்காய்ச் சாறு சிந்தனையைத் தெளிவாக்கும். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுகிற எழுத்தாளர்களுக்குச் சொற்கள் தானாக வந்து விழும்."

அன்று மதியம் கரடியார் தட்டுக் கழுவுவதைப் பக்கத்து மரத்துக் குரங்கின் மனைவி பார்த்துவிட்டாள். கிளையிலிருந்து விழாத குறை.

"அக்கா, இதுக்கு எந்தக் கோயில்ல வேண்டிக்கிட்டீங்க?"

தையல்நாயகி சிரித்தாள். "கோயில் இருக்கட்டும். உங்க வீட்டுக்காரருக்கு எழுதுற ஆசை ஏதாவது உண்டா?"

இன்று அந்தக் காட்டில் வலைப்பூ இல்லாத ஆண் மிருகமே கிடையாது. ஒவ்வொருத்தருக்கும் ஒரே ஒரு வாசகர், அவரும் பேராசிரியர். எல்லாரும் மாத்திரையை வேளைக்குப் போடுகிறார்கள். அந்தக் காட்டில் உண்மையிலேயே ஒரு யானையும் உண்டு. தும்பிக்கையைத் தூக்கித் தூக்கி அவரும் எழுதுகிறார். அவருக்குத் தவறாமல் கருத்து எழுதி, வெல்லத்தைக் குறைக்கச் சொல்கிறவர் பேராசிரியர் எறும்பு.

நீதி: கணவரிடம் சொல்ல வேண்டியதைக் காதில் சொல்லாதே, கருத்துப் பெட்டியில் சொல், கீழே பேராசிரியர் என்று போட மறக்காதே.