காலையில் கேஜ் மேலே வரும்

தனியாக மைக் முன்னால் பேசுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு: யாருமே கேட்கவில்லை என்று நம்புவது. எனக்கு அது முற்றிப்போயிருந்தது.

கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போவேன். சனிக்கிழமை நள்ளிரவில் மட்டும் எங்கள் ஊர் சமுதாய வானொலியில் ஒரு மணி நேரம். யாரும் கேட்காத நேரம் என்பதால் கொடுத்தார்கள். (என் திறமைக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டேன்.) பாட்டு கிடையாது, பேட்டி கிடையாது. தோன்றியதையெல்லாம் அடித்தொண்டையில் பேசுவேன். நந்திதுர்க் மேட்டில் நாற்காலிகள் முளைக்கின்றன, மைசூர் மைன்ஸில் நிலா ரேஷனுக்கு நிற்கிறது, இந்த ரகம்.

அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். "பேய் ஓதற மாதிரி இருக்குது. நான் கேக்கறதே இல்ல" என்பார். (கேட்காமலே எப்படித் தெரிந்ததோ.)

ஒரு சனிக்கிழமை இப்படிப் பேசினேன்: "செத்தவர்கள் இன்னும் கீழே ஷிப்ட் பார்க்கிறார்கள். விடிந்ததும் சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கத்தில் கேஜ் மேலே வரும். களைத்திருப்பார்கள். டீ கொண்டு வாருங்கள்."

சுரங்கத்தை மூடிப் பல வருடங்களாகின்றன. ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் என்ற கூண்டும் அப்போதே நின்றுவிட்டது. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்ற தைரியத்தில் வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

காலையில் பழைய சுரங்க ஷாஃப்ட் கேட்டின் வாட்ச்மேன் போன் செய்தார். "ரேடியோல பேசறது நீங்கதானே? இங்க ஜனம் நிக்குது. சீக்கிரம் வாங்க, என் வேலை போய்டும்."

பூட்டிய கேட்டுக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர், கையில் ஃபிளாஸ்க்கோடு. ஒருவர் இட்லியே கொண்டுவந்திருந்தார். கடைசியில், மரத்துக்குப் பின்னால், அப்பா.

"வாக்கிங் வந்தேன்" என்றார்.

"ஃபிளாஸ்க்கு?"

"தாகம் எடுக்கும்ல?"

"நாலு டம்ளர் இன்னாத்துக்குப்பா?"

அவர் டம்ளர்களைத் துடைக்க ஆரம்பித்தார். நான் சிரித்துவிட்டேன். அவர் ஷிப்டில் இறங்கித் திரும்பாதவர்கள் நாலு பேர் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பக்கத்து வீட்டு ரோஸ்மேரி ஆன்ட்டி என் கையைப் பிடித்தார். "கேஜ் எத்தினி மணிக்கும்மா?"

"ஆன்ட்டி, அது கற்பனை..."

"இன்னாவோ ஒண்ணு. எங்க வூட்டுக்காரரு வந்தா, நான் பெங்களூரு போய்ட்டேன்னு சொல்லிடு. இப்பத்தான் நிம்மதியா தூங்கறேன்."

ஒரு கல்லின் மேல் ஏறி, நான் சொன்னதெல்லாம் பொய் என்று கத்தினேன். கூட்டம் மரியாதையாகக் கேட்டது. பின்னாலிருந்து ஒருவர், "சரிம்மா, அப்போ எப்பதான் வரும்?" என்றார்.

அப்பா எல்லோருக்கும் டீ ஊற்றினார். குடித்துவிட்டுக் கலைந்தார்கள். மறுவாரம் வானொலிப் பொறுப்பாளர் என்னைச் சமையல் குறிப்புக்கு மாற்றினார். (புளிக்குழம்பில் கற்பனைக்கு இடமில்லை என்பது அவர் கணக்கு.)

அதிலிருந்து வீட்டில் நான் வாயைத் திறந்தால் ஒரே கேள்விதான்: "இது ரேடியோவா, நெசமா?" சம்பளம் கூடியது என்றாலும் அதுதான், காய்ச்சல் என்றாலும் அதுதான்.

என் கல்யாணத்தில் பாஸ்டர், "இவரைக் கணவராக ஏற்க உனக்குச் சம்மதமா?" என்று கேட்டார். சம்மதம் என்றேன். முன்வரிசையிலிருந்து ரோஸ்மேரி ஆன்ட்டி உரக்கக் கேட்டார், "ரேடியோவா, நெசமா?"

சர்ச்சே சிரித்தது. பாஸ்டர் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தபடி காத்திருந்தார். "நெசம்தான்" என்றேன். அதன் பிறகுதான் மோதிரத்தை நீட்டினார்.