இரண்டு விரல் இடைவெளி

கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் எத்தனையோ பேர் கார் வைத்திருக்கிறார்கள். ஆனால் காரில் ஏறுவதற்கு நிலத்தில் குந்தி, இறங்குவதற்குத் தவழ்ந்து வெளியே வந்த மனிதர் ஒருவர்தான். அவருக்கு ரெண்டுவிரல் காக்கா என்று பெயர்; அண்ணனை நாங்கள் காக்கா என்போம். வாப்பா வைத்த பெயர் வாக்காளர் இடாப்பில் பத்திரமாக இருக்கிறது. அதை வேறு யாரும் பாவிப்பதில்லை.

பள்ளிக்கூடத்தில் அவரும் நானும் ஒரே வாங்கு. பிறகு நான் அரசாங்க வேலைத்தளமொன்றில் முப்பது சொச்ச வருடம் கனரக இயந்திரங்களைத் தூக்கி, இறக்கி, தூக்கியதற்கும் இறக்கியதற்கும் படிவம் நிரப்பி ஓய்வுபெற்றேன். அவர் கட்டார் நாட்டில் ஒரு பணக்காரரின் கார்களைக் கழுவித் துடைத்துவிட்டு, ஒரே ஓர் ஆசையோடு ஊர் திரும்பினார். கொழும்பில் யாரோ கைவிட்ட பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். அதில் இரண்டு பேர் இருக்கலாம், ஒருவரையொருவர் மன்னித்துக்கொள்ளக் கூடியவர்களாக இருந்தால்.

எங்கள் ஊருக்கும் அந்தக் காருக்கும் ஒரு பொருத்தமும் இல்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் அது வயிற்றைத் தேய்த்து முனகும். அறுவடைக் காலம் இன்னும் மோசம். சாகாமம் பக்கம் தார் ரோட்டில் நெல் காயப்போடுவார்கள். மற்ற வாகனங்கள் நெல்லுக்கு மேலால் போகும்; இது நெல்லுக்குள்ளால் போகும். ஒருநாள் ஒரு விவசாயி மோட்டார் சைக்கிளில் துரத்திக்கொண்டு அவருடைய வாசலுக்கே வந்துவிட்டார்.

"காக்கா, என்ட நெல்லைத் தாங்க."

"நான் ஒண்ட நெல்லை எடுக்கல்லயே!"

"நீங்க எடுக்கல்ல. உங்கட காரு எடுத்திரிக்கி. கீழ பாருங்க."

நிலத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்தோம். சைலன்சரைச் சுற்றி நெல்லும் வைக்கோலுமாக ஒரு பெரிய குருவிக்கூடு. அது கருகத் தொடங்கியிருந்தது. எடுக்காமல் ஓட்டினால் கார் எரியும். எடுப்பதென்றால் காரைத் தூக்க வேண்டும். கராஜுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். தன் காரை வேறு ஆள் தொட்டால் தனக்கு நெஞ்சு நோகும் என்றார். என்னுடைய ஓய்வுக்காலம் அந்த இடத்தில் முடிந்தது.

முதல் பிரச்சினை, காரைத் தூக்கும் ஜெக் அதற்கு அடியில் நுழையவில்லை. நான் சொன்னது இதுதான்: கெட்டியான சமதரைக்குக் காரைக் கொண்டுபோ, பலகைகளை வைத்துச் சில்லுகளை அவற்றின் மேல் ஏற்று, இடம் கிடைக்கும், பிறகு ஜெக்கை வை. அவர் தன்னுடைய வீட்டுக் கடல்மணல் வளவிலேயே காரை நிறுத்தி, ஜெக்குக்குக் குழி தோண்டினார்.

"மச்சான், காரு பதிஞ்சி நிக்கிதெண்டா நெலத்தைப் பதிக்கணும். இது விஞ்ஞானம்."

ஜெக்கின் கைப்பிடியை மேலும் கீழும் அடிக்க ஆரம்பித்தார். கார் ஏறவில்லை, ஜெக் இறங்கியது. அடிக்க அடிக்க இறங்கியது. கடைசியில் மண்வெட்டி கொண்டுவந்துதான் அதை மீட்டோம்.

அடுத்த கிழமை, "ஜெக்குக்குக் கீழ அகலமான பலகை போடு" என்று நான் சொன்னதை மட்டும் கேட்டார். ஜெக்குக்கு மேலே எது வரவேண்டும் என்று சொன்னதைக் கேட்கவில்லை. காரின் ஓரத்தில் தூக்குவதற்கென்றே பலப்படுத்திய இடங்கள் உண்டு. மற்ற இடமெல்லாம் கடற்காற்றில் துருப்பிடித்து அப்பளமாகி இருந்தது. அவர் அந்த அப்பளத்தில் ஜெக்கை வைத்தார். கார் அசையவில்லை. உள்ளே இடதுபக்கச் சீட் மட்டும் மெல்ல மெல்ல எழும்பி வந்தது. அவருடைய மனைவி ஹாஜரா ஜன்னலால் பார்த்துவிட்டு, "அது நான் இரிக்கிற சீட்டெல்லா?" என்று கேட்டார்.

"ஓம். இனி ஒனக்கு ரோட்டு நல்லாத் தெரியும்."

அதோடு அவருக்கு ஜெக்கில் வெறுப்பு வந்து, அதைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட்டார். பதிலுக்கு அவர் கண்டுபிடித்த முறை, பின்னேரம் அஸர் தொழப் பள்ளிவாசலுக்குப் போகும் ஆட்களைப் பிடிப்பது. எட்டுப் பேர் ஒரு பக்கத்தைக் கையால் தூக்கிப் பிடிப்பார்கள். இவர் கைவிட்டு வைக்கோலை இழுப்பார். "ஜெக்குக்கு எண்ணெய் விடணும். இவனுகளுக்கு ஒரு பிளேன்டீ போதும்" என்று என்னிடம் பெருமை பேசினார். மனிதக் கை பாரம் தாங்கும் கருவியல்ல என்று விளக்கினேன். வேலைத்தளத்தில் இதே வசனத்தைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொல்லியிருக்கிறேன். ஒரு மொழியிலும் பலனில்லை.

ஒருநாள் ஹாஜரா மூச்சு வாங்க என் வீட்டுக்கு ஓடி வந்தார். "காக்கா, சுறுக்கா வாங்க. இண்டைக்கு இவரு கைய மட்டுமில்ல, ஆளே உள்ள பூந்துட்டாரு."

நான் படலையைத் தாண்டவும் பள்ளி ஒலிபெருக்கியில் இகாமத் சொல்லவும் சரியாக இருந்தது. தொழுகை தொடங்கிவிட்டதென்றால் எங்கள் ஊர் ஆண்களின் கால் தானாகவே நடக்கும். காரைத் தூக்கிப் பிடித்திருந்த எட்டுப் பேரில் முன்வரிசைக்கு ஆசைப்பட்ட ஒருவர், "மெல்ல உடுங்கடா, தொழுகை கட்டிட்டாங்க" என்றார். இவர் பின்பக்கத்தால் உள்ளே நுழைந்ததை அவர்கள் ஒருவருமே கவனித்திருக்கவில்லை.

என் முழங்காலைப் பற்றி வைத்தியர் சொன்னதையெல்லாம் மறந்து, மதிலோரம் கிடந்த தென்னங்குத்தியை உருட்டி ஓரச் சட்டத்துக்குக் கீழே உதைத்துத் தள்ளினேன். எட்டுப் பேரும் விட்டுவிட்டு ஓடினார்கள். கார் குத்தியில் இருந்தது. குத்தி மணலில் புதைந்தது. இன்னும் கொஞ்சம் புதைந்தது. பிறகு நின்றது.

நிலத்தில் படுத்து உள்ளே பார்த்தேன். அவருடைய மூக்குக்கும் இரும்புக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி. பம்பருக்கும் ரோட்டுக்கும் உள்ள இடைவெளியை வைத்துத்தான் அவருக்கு அந்தப் பெயர் வந்தது என்று ஊர் நினைக்கிறது. இல்லை, அன்றைக்கு வைத்தது. வைத்தவன் நான்.

தூக்க ஆளில்லை. ஜெக் இரும்புக் கடையில். அசைந்தால் குத்தி சரியும்.

"மச்சான், அஸர் எத்தின ரக்அத்து?" என்று உள்ளேயிருந்து சின்னக் குரல் கேட்டது.

"நாலு. ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். இண்டைக்கு இமாம் சுறுக்கா முடிப்பாரா?"

"கதைக்காதே. மூச்சைச் சின்னதா உடு."

நாலு ரக்அத்தும் முடியும்வரை மணலில் அவருக்குப் பக்கத்தில் கிடந்தேன். குரல் நின்ற போதெல்லாம் "இரிக்கியா?" என்று கேட்டேன். "இரிக்கன்" என்றார். தொழுகை முடிந்து வந்தவர்கள் விசயம் தெரிந்து முகம் வெளிறித் தூக்கினார்கள். நாங்கள் இருவரும் அன்றைய அஸரைப் பிந்தித்தான் தொழுதோம்.

அதற்குப் பிறகு வளவில் சிமெந்துத் தரை போட வைத்தேன். தாழ்வான கார்களுக்கென்றே செய்த ஜெக்கும், தூக்கிய காரைத் தாங்கி நிற்க நாலு ஸ்டேண்டும் கொழும்பிலிருந்து வந்தன. சில்லுக்குக் கட்டை கொடு, கியரில் போடு, ஹேண்ட் பிரேக்கை இழு, ஜெக்கால் தூக்கினாலும் ஸ்டேண்டில் இறக்கு, ஜெக்கை நம்பி ஒருபோதும் உள்ளே போகாதே, கழற்றிய சில்லைக் காருக்கு அடியில் படுக்கவை என்று எல்லாவற்றையும் எழுதிச் சுவரில் ஒட்டினேன். கடைசி வரி: நான் வந்து காரை ஆட்டிப் பார்க்காமல் உள்ளே போகாதே.

"இது வேல செய்யிற இடமா, ஓஎல் சோதனை மண்டபமா?" என்றார்.

அன்றிலிருந்து கிழமைக்கு ஒருமுறை என் பகல் தூக்கம் போனது. வேலைத்தளத்திலாவது மேலதிக நேரக் கொடுப்பனவு இருந்தது.

போன வருடம் எனக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை. மூன்று கிழமை குனியக் கூடாது, வெளியே போகக் கூடாது. கட்டோடு படுத்திருந்தேன். பள்ளி ஒலிபெருக்கி தொண்டையைக் கனைக்கும்போதெல்லாம் அவருடைய மரணத்தைச் சொல்லும் ஜனாசா அறிவித்தலாக இருக்குமோ என்று எழுந்து உட்கார்ந்தேன். பெயர் சொல்லி முடித்த பிறகுதான் திரும்பப் படுப்பேன். அந்த மூன்று கிழமையில் மௌத்தானவர்கள் மன்னிக்க வேண்டும். அவர்களுடைய பெயரைக் கேட்டு எனக்கு ஆறுதலாக இருந்தது.

கட்டவிழ்த்த மறுநாளே போனேன். கார் நாலு ஸ்டேண்டிலும் நின்றது. சில்லுகள் கழற்றி அடியில் படுக்க வைத்திருந்தன. அவர் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எப்ப தூக்கினாய்?"

"நீ ஆசுபத்திரிக்குப் பெய்த்த அண்டைக்கி."

"மூணு கிழமையா என்ன செஞ்சாய்?"

"ஓட்டோவில திரிஞ்சன்." சுவரைக் காட்டினார். "ஆட்டிப் பாக்க ஆளில்லையே."

காரைப் பிடித்து ஆட்டினேன். அசையவில்லை. அவர் மல்லாந்து உள்ளே போனார். நான் கதிரையில் உட்கார்ந்தேன்.

"இரிக்கியா?"

"இரிக்கன்."

கொஞ்ச நேரம் ஸ்பேனர் தட்டும் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

"இரிக்கியா?"

"இரிக்கன்டா! நாலு ஸ்டேண்ட், நாலு சில்லு, சிமெந்துத் தரை. இன்னும் என்னத்துக்குக் கேட்டுக்கிட்டு இரிக்காய்?"

"விதி அப்பிடி" என்றேன்.

அப்படியொரு விதி எந்தக் கையேட்டிலும் இல்லை.