கனடாவிலிருந்து வந்த முதல் வேலை

இனி உறவினர் எவருக்கும் ஓர் எழுத்தும் எழுதேன் என்று தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு சூளுரைத்தேன். காரணம் உண்டு. என் மைத்துனன் தேவசிகாமணியின் மூத்த மகளுக்குத் திருமண வாழ்த்துமடல் எழுதிக் கொடுத்தவன் நான். அவனோ மறுவீட்டு விருந்தில் என்னைக் கடைசிப் பந்திக்குத் தள்ளினான். என் இலைக்கு வரும்போது மறுவீட்டு விருந்துக்கே உயிரான தேங்காய்ப்பால் சொதி தீர்ந்துவிட்டது, ரசம் ஊற்றினார்கள். திருநெல்வேலியில் ஒருவனை இதைவிட இழிவுபடுத்த இயலாது.

இப்போது இளைய மகளுக்குத் திருமணம். மீண்டும் மடல் வேண்டுமாம்!

"எழுதிக் குடுங்களேன். பிள்ளை என்ன பாவம் செஞ்சா?" என்றாள் என் மனைவி ராஜராஜேஸ்வரி.

"மாட்டேன். இனி என் எழுத்தை உலகம் தேடி வரும்."

"உலகமா? எந்த பஸ்ஸுல வருது?"

"இணையத்தில் வரும்!"

"வரட்டும். காப்பி போட்டு வைக்கேன்."

சினம் தலைக்கேறியது. பாளையங்கோட்டையில் ஜேசுதாசன் நடத்திய இணைய மையத்துக்குச் சென்றேன். வேலை தரும் தளங்களில், 'பிழையற்ற தமிழ் எழுத்தாளர்' என அவன் என்னைப் பதிவு செய்தான். தளங்களா அவை! என் பிறந்த தேதியைத் திரும்பத் திரும்பக் கேட்டன. நான் கற்ற தமிழைக் கேட்கவேயில்லை. நாள்தோறும் போய்ப் பார்த்தேன். வந்த ஒரே மறுமொழி, உடல் மெலியும் மாத்திரை விற்க விருப்பமா என்பது. என் தொந்தியைப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள்.

"இன்னிக்காவது உலகம் வந்துச்சா?" என்பாள் இவள்.

ஒரு நாள் ஜேசுதாசனே வீட்டுக்கு ஓடி வந்தான்.

"சார்வாள்! கனடாவுலேருந்து ஒருத்தர் கேக்குதாரு. கல்யாண வாழ்த்துமடல் வேணுமாம். பேரு எழுதுத இடத்தைக் காலியா விடணுமாம்."

என் முதல் வாடிக்கையாளர்! "கேட்டாயா?" என்று அடுக்களையை நோக்கி முழங்கினேன்.

"கேட்டேன், கேட்டேன். நல்லா எழுதுங்க. கனடாவுல நம்ம மானத்தை வாங்கிராதிய."

எழுதினேன். மைத்துனன் மேலிருந்த சினமெல்லாம் விருத்தமாகப் பாய்ந்தது. கனடாக்காரர் ஒரு திருத்தம் கேட்டார்: தாமிரபரணியைச் சேர்க்க வேண்டுமாம். கடல் கடந்தும் என்ன ஊர்ப்பற்று என நெகிழ்ந்து சேர்த்தேன்.

திருமணத்துக்கும் போனேன், வாழ்த்துமடல் இல்லாத மேடையைக் கண்டு மகிழ்வதற்காக. தேவசிகாமணி ஒலிபெருக்கியைப் பிடித்து வாசிக்கத் தொடங்கினான். முதல் அடியிலேயே துள்ளி எழுந்தேன்.

"திருடன்! கனடாவுக்கு நான் எழுதியது அது! மேடையேறிச் சொல்லப் போகிறேன்!"

"சொல்லுங்க" என்றாள் இவள். "மச்சினனுக்கு நாந்தான் எழுதிக் குடுத்தேன்னு மைக்குல சொல்லுங்க. என் தம்பி உங்களுக்குப் போட மாலையும் வாங்கி வச்சிருக்கான்."

மேடைப் பக்கம் எடுத்த காலைப் பின்வாங்கினேன். "அப்படியானால் அந்தக் கனடாக்காரர்?"

"நாந்தான். ஜேசுதாசன் கம்ப்யூட்டர்ல தட்டிக் குடுத்தான்."

அவள் என் தோளைப் பிடித்து அமர்த்தினாள்.

"பைய உக்காருங்க. பக்கத்து வீட்டு முத்துராணி பேரனுக்குக் காதுகுத்து வருது. அடுத்த வாரம் உங்களுக்கு லண்டன்லேருந்து வேலை வரும்."