சென்னெப்பின் முன்னங்காலும் இரண்டாவது கருத்தும்

நெருப்பு, சக்கரம், கூட்டம் என்று மனித குலம் கண்டுபிடித்தவை மூன்று. முதல் இரண்டும் இல்லாமல்கூட ஒரு நாட்டை நடத்திவிடலாம். கூட்டம் போடாமல் ஒரு நாயின் புண்ணைக்கூட ஆற்ற முடியாது என்று உலகுக்கு எடுத்துக்காட்டிய பெருமை, மேற்கு யூட்லாந்தில் எங்கள் ஊரிலுள்ள "நாலு பாதம் முழுநல மைய"த்தையே சேரும்.

அந்தப் பெருமையில் பங்குகொள்ளும் பாக்கியம் இங்கெலிஸுக்குக் கிடைத்தது. துறைமுகத்தில் மீனுக்குப் புகை போடும் கூடத்தில் முப்பது வருஷம் நின்றே வேலை பார்த்தவள். வயது அறுபத்து நாலு. கணவர் போனபிறகு வீட்டில் அவள் பேச்சைக் கேட்க மிஞ்சியது சென்னெப் ஒன்றுதான். சென்னெப் என்றால் கடுகு. ஆளும் அப்படித்தான், சிறுத்தாலும் காரம் குறையாத நாய். ஜூலைக் கடைசியில் அவனுடைய இடது முன்னங்காலில், விரல்களுக்கு நடுவே ஒரு புண் வந்தது. மூடும், ஆறிவிட்டது என்று நினைப்பதற்குள் சீழ் கட்டி மறுபடி உடையும்.

மையத்தின் தலைவர் டாக்டர் யெப்பே. "டாக்டர்" என்ற சொல்லில் அதிகார வாடை அடிக்கிறது என்பதால், சட்டையில் "நலத்துணைவர்" என்று எழுதிக் குத்தியிருந்தார். முதல் நாள் சென்னெப்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிக் குந்தி உட்கார்ந்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

"சென்னெப், உன் காலைக் கொஞ்சம் பாக்கலாமா?"

சென்னெப் காலை இழுத்து வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டான்.

"சம்மதம் மறுக்கப்பட்டது" என்று யெப்பே எழுதிக்கொண்டார்.

"டாக்டர், அவன் நாய். வலிக்குது, அதனால இழுத்துக்கறான். நான் பிடிச்சுக்கறேன், நீங்க பாருங்க" என்றாள் இங்கெலிஸ்.

"அய்யய்யோ! அவனோட முடிவை நாம மதிக்கணும் இங்கெலிஸ். இங்க நாங்க 'தொடாச் சிகிச்சை'தான் பண்றோம்."

எனவே தூரத்திலிருந்து புகைப்படம் எடுத்தார்கள். ஒரு களிம்பு கொடுத்தார்கள். புண்ணுக்குத் தனிக் கோப்பு திறந்தார்கள்; அதற்கு ஒரு பொறுப்பாளரை நியமித்தார்கள். செவ்வாய்க்கிழமை தோறும் அந்தக் கோப்பை நடுவில் வைத்து ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து காபி குடித்தார்கள். இரண்டாம் வாரம் களிம்பு மாறியது. நாலாம் வாரம் களிம்பு தடவும் நேரம் மாறியது. ஆறாம் வாரம் கோப்பின் நிறம் மாறியது. புண் மட்டும் கொள்கைப் பிடிப்போடு அப்படியே இருந்தது. ஐம்பதாவது நாள் இங்கெலிஸின் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது: "உங்கள் புண்ணுக்கு இன்று ஐம்பது! மனமார்ந்த வாழ்த்துகள்!"

பதினோராம் வாரம் சென்னெப் படியிறங்குவதை நிறுத்திவிட்டான். தபால்காரர் வந்தபோது குரைக்கவில்லை. ஒன்பது வருஷமாகக் குரை வாங்கிய தபால்காரரே பயந்துபோய், "உள்ள எல்லாம் நல்லா இருக்காங்களா?" என்று கதவைத் தட்டிக் கேட்டார். அன்று மத்தியானமே மையத்திலிருந்து அழைப்பு வந்தது.

மேசையில் இலவங்கப்பட்டை கேக் இருந்தது. ஆறு பேர் முகத்திலும் நிறைவு தெரிந்தது.

"ரொம்ப ஆழமாப் பேசி, ஒருமனதா ஒரு முடிவுக்கு வந்திருக்கோம். முதல்ல ஒரு துண்டு எடுத்துக்குங்க" என்றார் யெப்பே.

"முடிவைச் சொல்லுங்க."

"காலை எடுத்துடலாம்."

மரியாதைக்கு எடுத்த கேக்கோடு இங்கெலிஸின் கை அந்தரத்தில் நின்றது.

"எந்தக் காலை?"

"புண் இருக்கற காலைத்தான். கால் இல்லேன்னா புண்ணுக்கு இடமே இல்லை பாருங்க."

"இதுக்கு மட்டும் அவன் சம்மதம் வேண்டாமா?"

"மயக்கத்துல இருப்பான். ஆட்சேபணை எதுவும் பதிவாகாது."

"மயக்கம் கொடுப்பீங்கன்னா, அப்பவே புண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்துடலாமே?"

ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது 'பாத்தல்'. இது 'எடுத்தல்'. இன்னிக்கு நிகழ்ச்சி நிரல்ல எடுத்தல் மட்டும்தான் இருக்கு" என்று பொறுப்பாளர் கனிவோடு விளக்கினார்.

இங்கெலிஸ் கேக்கைத் தட்டில் வைத்தாள். "எனக்கு வேற டாக்டரோட கருத்து வேணும்."

யெப்பே கோபப்படவில்லை. நாகரிகத்தின் உச்சம் அதுதான். அவர் முகம் மலர்ந்தது. "தாராளமா! இரண்டாவது கருத்துக்கு இங்கயே தனிப் பிரிவு வச்சிருக்கோம். மூணாம் அறைக்குப் போங்க."

இங்கெலிஸ் சென்னெப்பைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் அறைக்குப் போனாள். பக்கத்துக் கதவு திறந்தது. மேல்சட்டையைக் கழற்றிவிட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, யெப்பே உள்ளே வந்து கை நீட்டினார்.

"வணக்கம், நான் யெப்பே. முதல் கருத்தை முழுசாப் படிச்சேன். பிரமாதமான கருத்து. எழுதினவர் யாரோ, பெரிய ஆளா இருக்கணும்."

"அது நீங்கதானே!"

"ஆமா. ஆனா இப்ப நான் நடுநிலையோட இருக்கேன்."

இங்கெலிஸ் நாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பேருந்துகூடப் பிடிக்காமல் வீட்டுவரைக்கும் நடந்தே வந்தாள். காலறுப்புக்கு வெள்ளிக்கிழமை நாள் குறித்திருப்பதாக வழியிலேயே செய்தி வந்து சேர்ந்தது.

பக்கத்துப் பண்ணைக்காரர் ப்ரெபென் வேலியருகே நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே கேட்டார்: "என்ன இங்கெலிஸ், நாய் உன்னைச் சுமக்குதா, நீ நாயைச் சுமக்கிறியா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அட, இப்பதான் ராக்னில் என் பன்னிகளைப் பாக்க வந்திருக்கா. கூப்பிடறேன் இரு. ஆனா அவகிட்ட இந்த வட்ட மேசையெல்லாம் கிடையாது, ஆமா."

ராக்னில் மாட்டு டாக்டர். ரப்பர் பூட்ஸும் பன்றிக் கொட்டில் வாசனையுமாக வந்தாள். சென்னெப்பை அப்படியே தூக்கிக் கார் மூடிமேல் வைத்தாள். அவன் பல்லைக் காட்டினான்.

"காட்டு, காட்டு. பல்லு நல்லாத்தான் இருக்கு. எப்ப ஆரம்பிச்சுது?"

"ஜூலைக் கடைசியில." இங்கெலிஸ் தயங்கினாள். "தொடறதுக்கு முன்னால அவன்கிட்டக் கேக்கணும்னு அங்க சொன்னாங்க."

"நான் ஒரு தரம் ஒரு மாட்டுகிட்டக் கேட்டேன். அது சொன்ன பதில் இன்னும் என் முட்டியில இருக்கு. சரி, புண் வர்றதுக்கு முந்தி இவன் எங்க சுத்தினான்?"

"இதோ, ப்ரெபென் வயல்லதான். பார்லி அறுக்கற நேரம். எலி துரத்திக்கிட்டு ஓடுவான்."

ராக்னில் ப்ரெபெனைப் பார்த்தாள். ப்ரெபென் தன் வயலைப் பார்த்தார். அதற்குமேல் அங்கே விவாதம் நடக்கவில்லை. மயக்க ஊசி போட்டாள். சென்னெப் தலை சாய்ந்ததும் புண்ணைக் கழுவி, மெல்லிய இடுக்கியை உள்ளே விட்டாள். இங்கெலிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். ப்ரெபென் ஒரு சிகரெட்டை எடுத்தார். பற்றவைப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

இடுக்கி முனையில் மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குப் பார்லிக் கதிரின் தும்பு ஒன்று தொங்கியது.

"இதான். முள்ளு மாதிரி. முன்னால போகும், பின்னால வராது. இது உள்ள இருக்கற வரைக்கும் சொர்க்கத்துலேர்ந்து களிம்பு வந்தாலும் ஆறாது."

இங்கெலிஸ் கார் மூடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "தினம் ரெண்டு வேளை தடவினேனே. அந்த முள்ளு மேலயே தடவியிருக்கேன்."

"உங்க மேல என்ன தப்பு? அவங்க சொன்னதை நீங்க செஞ்சீங்க. எங்க ஓடினான்னு ஒரு கேள்வி, அவங்க கேட்டிருக்கணும்."

ஒன்பதாம் நாள் புண் மூடியது. பத்தாம் நாள் தபால்காரர் ஓட ஓடக் குரை வாங்கி, சந்தோஷமாகப் போனார்.

மையத்துக்குச் செய்தி எட்டியதும் யெப்பே தொலைபேசியில் அழைத்தார். குரலில் வருத்தம் இருந்தது.

"எங்ககிட்டச் சொல்லாமலே ஆறிடுச்சா? முறையா விடைகொடுத்து அனுப்பியிருப்போமே."

ஆனாலும் பெருந்தன்மையானவர்கள். "பன்னிரண்டு வாரத் தொடர் அக்கறையால் பூரண குணம்" என்று ஆண்டறிக்கையில் சென்னெப்பின் படத்தோடு போட்டார்கள். கூடவே இங்கெலிஸுக்கு ஒரு படிவம் அனுப்பினார்கள். அதில் ஒரே ஒரு கேள்வி: "உங்களை நாங்கள் எப்படிக் கவனித்துக்கொண்டோம்? மனம் திறந்து பாராட்டுங்கள்."

இங்கெலிஸ் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். மனம் திறந்தே பாராட்டினாள்.

"புண்ணை ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டீங்க. படம் எடுத்து, வாழ்த்துச் சொல்லி, கேக் வெட்டி, ஒரு குறையும் வராமப் பதினோரு வாரம் வளர்த்தீங்க. நாயைத்தான் யாரும் பாக்கலை."