புள்ளி நேரா இருக்குதா?

"குழாய்க்கு முதுகு எங்க இருக்குதுன்னு கண்டுபுடிக்கத் தெரியுது. மச்சான் மனசு எங்க இருக்குதுன்னு தெரியலையா உங்களுக்கு?"

மனைவி யசோதா இதைக் கேட்டபோது பாலசுப்பிரமணியன் வாயில் இட்லி இருந்தது. பதில் சொல்லாமல் தப்பிக்க அது வசதியாகப் போயிற்று. ஆனால் ஒரு இட்லியை எவ்வளவு நேரம்தான் மென்றுகொண்டிருக்க முடியும்?

"நான் இன்னா தப்பா சொன்னேன்? புள்ளி கோணலா இருக்குது, பாத்து வைங்கன்னேன். அவ்ளோதான்."

"லைன்ல அத்தினி பேரு எதுர்லயா? எங்கண்ணன், நம்ம பொண்ணு கீர்த்தி காதுகுத்துக்கு வரமாட்டேன்னுட்டாரு. தாய்மாமன் மடி இல்லாம புள்ளைக்கு எப்படிக் காது குத்துவீங்க? உங்க குழாய் மேல ஒக்கார வெச்சா?"

ஆந்திர எல்லையிலுள்ள சத்தியவேட்டிலிருந்து தினமும் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள் மாப்பிள்ளையும் மச்சானும். கோல்ஃப் மட்டை பொருத்தும் கம்பெனி. அந்த ஆட்டத்தை அங்கே வேலை செய்கிற ஒருவரும் ஆடியதில்லை. மட்டையின் நீளமான குழாய்க்கு ஷாஃப்ட் என்று பெயர். பார்வைக்கு உருண்டையாக இருந்தாலும் அது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளையாதாம். ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்குமாம். லைனில் அந்தப் பக்கத்துக்கு முதுகு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

முதுகைக் கண்டுபிடித்து வெள்ளைப் புள்ளி வைப்பது பாலசுப்பிரமணியன் வேலை. அந்தப் புள்ளி, பந்தை அடிக்கும் முகத்துக்கு நேராக வரும்படி குழாயை மட்டைத் தலைக்குள் செருகிப் பசை போட்டுப் பொருத்துவது அடுத்த மேசையிலிருக்கும் மச்சான் தங்கவேலுவின் வேலை.

இப்படிப் பார்த்துப் பொருத்தினால் பந்து நேராகப் போகும் என்று பயிற்சி கொடுக்க வந்தவர் ஒருவர் சொன்னார். ஒரு வித்தியாசமும் இருக்காது என்று அவருக்கு அடுத்து வந்தவர் சொன்னார். பாலசுப்பிரமணியன் முதலாமவரை நம்பினான். தன் வேலைக்கு அர்த்தம் உண்டு என்று சொன்னவரை விட்டுவிட்டு வேறு யாரை நம்புவான், பாவம்.

வினை என்னவென்றால், காலையில் பசை காய்ந்த மட்டைகளை எடுத்துப் பார்த்தால் புள்ளிகள் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. தங்கவேலுவோ நேராகத்தான் வைத்தேன் என்று அடித்துச் சொன்னார்.

யசோதா முடுக்கிவிட்டதில், அன்று கேன்டீனுக்கு மைசூர்பாகு டப்பாவோடு போனான். தங்கவேலு மூலை மேசையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கம்பெனி முழுக்கக் கூட்டிப் பெருக்கும் தாட்சாயணி, அலமாரியிலிருந்த தண்ணீர் பாட்டில்களின் லேபிளையெல்லாம் முன்பக்கம் பார்க்கத் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கோவம் வேணாம் மச்சான். ஸ்வீட் எடுத்துக்கோங்க."

தங்கவேலுவின் முகம் இளகியது. எத்தனை நாள்தான் அவராலும் முறுக்கிக்கொண்டு இருக்க முடியும்? கையை நீட்டினார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். யார் நிறுத்தவிட்டது? நாக்கில் சனி வந்து உட்கார்ந்துகொண்டான்.

"இனிமேயாச்சும் புள்ளிய கொஞ்சம் பாத்து வெச்சீங்கன்னா..."

நீண்ட கை திரும்பிப் போனது.

"உன் மைசூர்பாகுக்கு முதுகு எங்க இருக்குதுன்னு பாத்து நீயே துன்னு மாப்ள," என்று எழுந்து போய்விட்டார் தங்கவேலு.

உண்மை தெரிந்துவிட்டால் சண்டை தீர்ந்துவிடும் என்று அடுத்ததாக நினைத்தான் பாலசுப்பிரமணியன். தெலுங்குக்கார சூப்பர்வைசர் ஸ்ரீஹரியிடம் போய், பாதி மட்டைகளைப் புள்ளி பார்த்தும் மீதியைப் பாராமலும் பொருத்தி, அடித்துப் பார்த்துவிடலாம் என்றான். ஸ்ரீஹரிக்கும் இந்த ரோதனை ஒழிந்தால் போதும் என்றிருந்தது. "சரே, செய்யுங்க," என்றார்.

தங்கவேலு பொருத்தப் பொருத்த, பாலசுப்பிரமணியன் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பரீட்சை ஹாலில் வாத்தியார் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். புள்ளி பார்த்து வைத்ததில் ஒன்றுகூடப் பிசகவில்லை. தங்கவேலு கையைத் துடைத்துக்கொண்டு, "திருப்தியா?" என்றார். "திருப்தி மச்சான்," என்றான் இவனும். மட்டைகளைக் காயவைத்துவிட்டு இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். ஒரே சீட்டில் அல்ல என்றாலும், ஞாயிற்றுக்கிழமை அவர் வந்துவிடுவார் என்று பாலசுப்பிரமணியனுக்கு நம்பிக்கை பிறந்தது. வீட்டுக்கு வந்து யசோதாவிடமும் சொல்லிவிட்டான்.

காலையில் மட்டைகளை எடுத்தான். புள்ளி பார்த்துப் பொருத்திய மட்டைகளிலும் எல்லாப் புள்ளிகளும் கோணல்.

நேற்று கண்ணால் பார்த்தது பொய்யா?

"சார், நான் பஸ்ல ஏறுன கேப்புல உள்ள வந்து திருப்பி வெச்சிட்டாரு சார்! நான் சொன்னது நெஜமாயிடக் கூடாதுன்னு!"

லைனே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. தங்கவேலு தணிந்த குரலில் சொன்னார்: "மாப்ள, நான் திருப்பல. கீர்த்தி மேல சத்தியமா திருப்பல."

"எம் பொண்ணு மேல பொய் சத்தியம் பண்ணாதீங்க!"

சொன்ன மாத்திரத்திலேயே அந்த வார்த்தையைப் பிடித்து இழுத்து விழுங்கிவிட வேண்டும் போலிருந்தது அவனுக்கு. எங்கே முடிகிறது?

அதே மட்டைகளை மைதானத்துக்குக் கொண்டுபோய் அடித்தும் பார்த்தார்கள். இரண்டு வகை மட்டைகளும் ஒரே லட்சணமாகத்தான் பந்தை அனுப்பின. "இங்க பாரு பாலு, எல்லாம் ஒகட்டே, ஒண்ணுதான். இந்த முதுகு கதைய இனிமே பக்கன பெட்டு," என்று ஸ்ரீஹரி ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டார். புள்ளி வைக்கும் மேசை போயிற்று. வேண்டுமென்றே வேலையைக் கெடுத்தவர் என்ற பேரோடு தங்கவேலு பேக்கிங்குக்குப் போனார்.

அதற்குப் பிறகு பாலசுப்பிரமணியன் மச்சான் வீட்டுத் தெரு முனை வரைக்கும் பைக்கில் போய்ப் போய்த் திரும்பினான். கண்ணால் பார்த்தவன் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு வீம்பு. அவர் இல்லாமல் என்ன விசேஷம் என்று ஒரு வலி. இரண்டுக்கும் நடுவே பெட்ரோல்தான் தீர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மலையில் மொட்டை போட்டுவிட்டு, கீழே திருப்பதியில் ஒரு சத்திரத்தில் காதுகுத்து. யசோதாவின் பெரியப்பா மகன் லோகேஸ்வரனைத் தாய்மாமன் முறைக்கு உட்கார வைத்தார்கள். முறை சரி. மடிதான் சரியில்லை. சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு கீர்த்தி நெளிந்து, "இது வாணாம் நைனா, வேலு மாமா மடி வேணும்," என்று அழுதாள். யசோதா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அப்போதுதான் தாட்சாயணி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்துச் சின்ன நகை டப்பா ஒன்றை நீட்டினாள்.

"பஸ் ஸ்டாப்ல உங்க மச்சான் குடுத்தாரு தம்பி. கொழந்தைக்குக் கம்மல். மாமன் போடுறது மாமனோடதாத்தான் இருக்கணும்னாரு."

"அவரு வரலையாக்கா?"

"கூப்புட்டேன். பொய் சத்தியம் பண்ணவன் மடில கொழந்தைய வெக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அப்டீன்னா இன்னா தம்பி?"

அவன் டப்பாவை வாங்கிக்கொண்டான். ஊருக்குத் திரும்பியதும் நேரே மச்சான் வீட்டுக்குப் போய், செய்தாரோ செய்யவில்லையோ, மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிடுவது என முடிவு செய்தான். தன் பெருந்தன்மையை நினைத்து அவனுக்கே கண் கலங்கியது.

ஆசாரி குழந்தையின் காதுகளில் மையால் புள்ளி வைத்தார். பாலசுப்பிரமணியன் குனிந்து பார்த்தான். பழக்கதோஷம்.

"வலது பக்கம் கொஞ்சம் ஏறியிருக்குதே ஆசாரி..."

தாட்சாயணி முன்னால் வந்து, கீர்த்தியின் மோவாயைப் பிடித்து லேசாகத் திருப்பினாள்.

"இப்போ பாரு, ரெண்டும் நேரா கீது. தெனம் நான் பண்ற வேலைதானே தம்பி இது! சாயங்காலம் நீங்கள்லாம் பஸ்ஸுக்கு ஓடிடுவீங்க, மட்டைங்க குழாய் மேல கம்பெனி பேரு ஒண்ணு மேல, ஒண்ணு கீழன்னு கோணிக்கினு கெடக்கும். பசை காயறதுக்குள்ள அத்தினியும் பேரு மேல பாக்குற மாதிரி நான்தானே ஒவ்வொரு குழாயா திருப்பி வெச்சிட்டு வரேன்!"