ஒன்றேகால் மணி நேரப் பயணம்

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு, ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி எழுதிக்கொள்வது. நலம் விசாரிக்க வேண்டிய இடம் இது. நாளைக் காலை பத்து மணிக்கு நெஞ்சைத் திறக்கப்போகிறவரிடம் நலமா என்று கேட்பது நன்றாயிராது என்பதால் விட்டுவிட்டேன். போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். அதனால் விமான நிலைய நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். படமெடுத்து அண்ணிக்கு அனுப்புவேன். அண்ணி, கோபமில்லாத குரலில் வாசிக்கவும்.

"ஒண்ணேகால் மணி நேரம்தானே, வந்தா தேஞ்சா போயிடுவான்?" என்று நீங்கள் கேட்டதாக அண்ணி சொன்னார். இருபத்தெட்டு வருடம் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்டவன் நான். இரண்டு விமான நிலையங்களுக்கும் நேர்கோட்டில் அறுநூற்று நாற்பது கிலோமீட்டர். அதுவரை உங்கள் கணக்கு சரி. ஆனால் என் வீட்டிலிருந்து விமான நிலையம் வர இரண்டு மணி நேரம், வரிசையில் இரண்டு மணி நேரம், அங்கே பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, பேன்ட்டைப் பிடித்தபடி நிற்கும்போதே பையிலிருந்த என் எஃகு அளவுகோலை ஆயுதம் என்று பிடுங்கிக்கொண்டார்கள், பத்தரைக்குக் கிளம்பிய விமானம் உங்கள் ஊரின் புயல்மழைக்கு மேல் ஆறு முறை சுற்றியது, அதாவது உங்கள் தலைக்கு மேல் நான் ஆறு முறை சுற்றினேன், பிறகு ஏறிய இடத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டது. அப்போது நேரம் பிற்பகல் மூன்றரை மணி. தூரம் பூஜ்யம்.

கவுன்டர் பெண்ணிடம் போனேன். "சார், உங்க பயணம் முடிஞ்சிடுச்சுன்னு காட்டுது சார்."

"எங்கே முடிஞ்சுதும்மா?"

"அது காட்டாது சார்."

இந்த அழகில்தான் அண்ணியின் போன் வந்தது: "தம்பி, விமானம் தரையிறங்கியாச்சுன்னு போன்ல வந்துச்சே, எங்கே இருக்கீங்க? 'வந்து இறங்கியும் என்னைப் பார்க்க வரலையா, அவன் மூஞ்சியப் பார்க்காம ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடமாட்டேன்'னு உங்கண்ணன் பேனாவைத் தூக்கி எறிஞ்சிட்டார்!"

அண்ணா, எறிவது உங்களுக்குப் புதிதா? ஒன்பது வருடத்துக்கு முன் அப்பாவின் வீட்டைப் பங்கு பிரித்தபோது சுவர் அரை அடி என் பக்கம் தள்ளியிருக்கிறது என்று அளந்து காட்டினேன். அளவுநாடாவைத் தெருவில் எறிந்து, "உனக்கு அடிக்கணக்குதான்டா தெரியும், அண்ணன் தம்பி கணக்கு தெரியாது" என்று ஊர் கேட்கச் சொன்னீர்கள். மறக்கவில்லை. அடுத்த விமானத்தில் இடம் நாளை மறுநாள்தான் இருக்கிறதாம். என்னால் வர முடியாது, வரப்போவதும் இல்லை. என் முகத்தில் பார்க்க ஒன்றுமில்லை, தலை வழுக்கையாகிவிட்டது. தயவுசெய்து கையெழுத்துப் போடுங்கள். இல்லையென்றால் அந்தப் பழியும் என் மேல்தான் விழும்.

அண்ணிக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. உங்களிடம் மாட்டிக்கொண்ட டாக்டருக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி

பி.கு.: மேலே உள்ளதைப் படமெடுப்பதற்குள் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. ஆகவே பேருந்தில் ஏறினேன். பதினைந்து மணி நேரம். இப்போது காலை எட்டரை, உங்கள் அறைக்கு வெளியே பெஞ்சில் இருக்கிறேன். ஒன்பதுக்கு முன் உள்ளே விடமாட்டேன் என்கிறார் காவலாளி. நர்ஸிடம் இந்தத் தாளையும் ஒரு பேனாவையும் கொடுத்தனுப்புகிறேன். பேனாவை எறிய வேண்டாம், அது நர்ஸுடையது. முகம்தானே வேண்டும்? கதவுக் கண்ணாடியைப் பாருங்கள். கட்டிலிலிருந்து பதிமூன்று அடி இருக்கும். அளவுகோல் இல்லாததால் கண்ணளவுதான். அரை அடி முன்னே பின்னே இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.