எழுபது சென்டிமீட்டர்

"ஏய்யா, நேத்துதானே இந்த நிலத்தை உழுத?"

தேசாங்கா ரொட்டியும் உப்புப் பன்றிக் கொழுப்பும் வெங்காயமும் கட்டிய பையோடு வரப்பில் நின்று கேட்டாள். அவள் புருஷன் ராதிவோய் டிராக்டரிலிருந்து இறங்காமலே பதில் சொன்னான்.

"நேத்து முப்பது சென்டிமீட்டர். இன்னைக்கு ஐம்பது."

"நாளைக்கு?"

"மண்ணு என்ன கேக்குதோ, அதைப் பொறுத்து."

மண் எதுவும் கேட்கவில்லை. பனாத் சமவெளியின் அந்தக் கறுப்பு மண்ணுக்கு யாரும் எதுவும் செய்யாமல் விட்டாலே போதும், தானாக விளையும். ராதிவோய்க்கு வேண்டியிருந்தது விளைச்சல் இல்லை. ஒரு பீப்பாய்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன், மகன் உரோஷ் பிறந்த அன்று, அந்தப் பக்கத்து அப்பன்மார் எல்லாரையும் போல அவனும் ஒரு சின்ன ஓக் பீப்பாய் நிறைய மல்பெரி பிராந்தியை மண்ணில் புதைத்தான். மகன் கல்யாணத்தன்று அதைத் தோண்டி எடுத்து, சேறு காய்ந்த பீப்பாயைப் பந்திக்கு நடுவே வைத்துத் திறக்க வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் புதைத்தால் அண்ணன் மோப்பம் பிடித்துவிடுவான் என்று நிலத்துக்குக் கொண்டுபோனான். மல்பெரி மரத்திலிருந்து நாற்பது அடி. மரம் இருக்கிறதே, அதைவிட வேறென்ன அடையாளம் வேண்டும்? பன்னிரண்டு வருஷம் கழித்து, டிராக்டர் திரும்ப இடைஞ்சல் என்று அந்த மரத்தை வேரோடு பிடுங்கி எறிந்த புத்திசாலியும் அவனேதான்.

"பீப்பாய் எங்க இருக்குன்னு தெரியும்ல?" என்று தேசாங்கா போன மாதமே கேட்டிருந்தாள்.

"கண்ணைக் கட்டி விட்டாக்கூட நேரா போய் அது மேல நிப்பேன்."

கண்ணைத் திறந்து விட்டும் நிற்க முடியவில்லை என்பதுதான் இப்போதைய நிலவரம். மண்வெட்டியோடு போய் பத்து ஏக்கரில் குழி குழியாகத் தோண்டினால் ஊர் சிரிக்கும். டிராக்டரில் ஆழமாக உழுதால் எவன் சிரிப்பான்? அகல உழுவதைவிட ஆழ உழு என்று சொல்லிப் பாராட்டத்தான் செய்வான்.

சம்பந்தி மட்டும் சாதாரண ஆளாக இருந்திருந்தால் இவ்வளவு பாடு இல்லை. பெண்ணைப் பெற்ற காவ்ரிலோ நானூறு பன்றி வளர்ப்பவர். நிச்சயதார்த்தத்தன்று ராதிவோயின் தோளில் கை போட்டு, "எனக்கு ஒரே பொண்ணு சம்பந்தி, புதைக்கிற பாக்கியம் இல்ல. உங்க பீப்பாயில முதல் கிளாஸ் எனக்குத்தான். புதைச்சு வச்சதையே காப்பாத்தத் தெரியாத வீட்டுல, என் பொண்ணை எப்படிக் காப்பாத்துவாங்க, சொல்லுங்க?" என்றார். வாய் சிரித்தது. கண் சிரிக்கவில்லை.

போன வருஷம் அதே ஊர் நெதெல்கோவின் மகன் கல்யாணத்தில் அவன் புதைத்து எடுத்த பீப்பாய் வந்த அழகை ராதிவோய் பார்த்திருக்கிறான். மஞ்சள் களிமண் அப்பி, வெடித்துக் காய்ந்து, பார்க்கவே பக்தி வந்தது. நெதெல்கோ அழுதான். பார்த்துக்கொண்டிருந்த ராதிவோயும் அழுதான். அதே பெருமையில் தானும் நிற்க வேண்டும் என்ற ஆசையில்தான் இத்தனை கூத்தும்.

முப்பது சென்டிமீட்டரில் ஒரு சைக்கிள் சங்கிலி கிடைத்தது. ஐம்பது போகும்போதுதான், கலப்பையின் கொழு பட்டால் பீப்பாய் உடைந்துவிடுமே என்ற யோசனை வந்தது. அதனால் மெதுவாக ஓட்டினான். எவ்வளவு மெதுவாக என்றால், வழக்கமாகக் கலப்பைக்குப் பின்னால் வரும் காக்கைகள் அன்று முன்னால் நடந்தன.

பீப்பாய் வரவில்லை. அடியில் கிடந்த மஞ்சள் களிமண் வந்தது. ஊரே பொறாமைப்பட்ட கறுப்பு மண் அதற்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

மறுநாள் வருங்கால மருமகள் யாஸ்னா வந்தாள். நோவி சாத் நகரில் விவசாயம் படித்துப் பட்டம் வாங்கியவள். கெட்ட நேரம் என்றால் இப்படித்தான் படித்துவிட்டு வரும்.

"மாமா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஆழ உழவு."

"தெரியுது. எதுக்கு?"

உண்மையைச் சொல்ல முடியாதவனுக்கு விஞ்ஞானம்தான் துணை. ராதிவோய் தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

"அடியில இறுகின மண்ணு உடையும்மா. மழைத்தண்ணி உள்ள இறங்கும். களை விதையெல்லாம் எந்திரிக்க முடியாத ஆழத்துக்குப் போயிடும். வேர் நல்லா கீழ ஓடும்."

"இறுகியிருந்தா உடைக்கலாம், நானே வேணாம்னு சொல்ல மாட்டேன். இறுகியிருக்கான்னு பாத்தீங்களா?"

"பாக்கல. உணர்ந்தேன்."

"மேல் மண்ணுலதான் மாமா உயிரே இருக்கு. மண்புழுவோட சேத்து எல்லாத்தையும் உயிரோட புதைச்சிட்டீங்க. இந்த மஞ்ச மண்ணுல மூணு வருஷத்துக்குச் சோளம் முழங்காலைத் தாண்டாது."

"குட்டைச் சோளம்தான் ருசி" என்றான் ராதிவோய்.

செய்தி மதுக்கடைக்குப் போனது. அங்கே அவன் அதே பாடத்தை இன்னும் விளக்கமாக எடுக்க வேண்டியதாயிற்று. கேலி செய்வார்கள் என்று பயந்து போனவனுக்கு ஆச்சரியம். ஒருவனும் சிரிக்கவில்லை. நெதெல்கோ மீசையைத் தடவிக்கொண்டு சொன்னான்:

"ஐம்பதெல்லாம் மேலோட்டம்யா. எழுபது போடணும்."

"நானும் என் காலத்துல எழுபதுதான் போட்டேன்" என்றான் மூலையில் இருந்த தீமா.

"பலன் கிடைச்சுதா?"

தீமா கிளாசுக்குள் பார்த்தான். "கிடைச்சுது... ஒரு மாதிரி."

இத்தனை அனுபவசாலிகள் சொன்ன பிறகு ராதிவோய்க்கே தன் பொய்யில் நம்பிக்கை வந்துவிட்டது. கல்யாண விருந்துக்கு என்று வளர்த்த இரண்டு பன்றிகளைக் கூலியாகக் கொடுத்து, ஷாந்தோரின் சங்கிலிச் சக்கர டிராக்டரை அழைத்து வந்தான். ஆள் உயரத்துக்கு ஒற்றைக் கொழு.

"எழுபதா அண்ணே?" என்றான் ஷாந்தோர்.

"எப்படித் தெரியும்?"

"இந்த ஊர்ல கூப்பிடுறவங்க எல்லாரும் அதைத்தான் கேக்கிறாங்க."

பத்தாவது உழவுச் சாலில் கொழு எதையோ இடித்தது. 'டொம்' என்ற சத்தம். ராதிவோய் "நிறுத்து! நிறுத்து!" என்று கத்திக்கொண்டு, கை விரித்தபடி, இருபத்தாறு வருஷத்துப் பாசத்தோடு ஓடினான். உடைந்திருந்தது அவன் அப்பா பதித்த வடிகால் குழாய். அன்று சாயங்காலத்துக்குள் பாதி நிலம் குளமாகிவிட்டது. ஷாந்தோரின் டிராக்டர் அதன் நடுவே இடுப்பளவு புதைந்து நின்றது. காவ்ரிலோ காரில் வந்து இறங்குவதற்கு அதைவிடப் பொருத்தமான நேரம் கிடைக்குமா?

"என்ன சம்பந்தி, மீன் வளக்கப் போறீங்களா?"

"ஆழ உழவு, சம்பந்தி. தண்ணி இறங்கிடும்."

"டிராக்டர் இறங்கியிருக்கு." காவ்ரிலோ குளத்தைச் சுற்றிப் பார்த்தார். "அது உங்க பாடு. சனிக்கிழமை கல்யாணத்துல பீப்பாயைத் திறக்கிறப்ப நான் பக்கத்துல நிக்கணும். என் ஆளுங்க அறுபது பேர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

கார் போன பிறகு ராதிவோய் வரப்பில் உட்கார்ந்தான். அழுகை வந்தது. பீப்பாயைப் புதைத்த அன்றைக்குத் தூறிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. மூன்று கிலோ எடையில் ஒரு மகன் பிறந்துவிட்ட கர்வத்தில் தனியாகக் குழி வெட்டியது, வெட்டும்போது பாடிய பாட்டு, சட்டையில் ஒட்டிய சேறு, எல்லாம் நினைவிருக்கிறது. எங்கே வெட்டினான் என்பது மட்டும் நினைவில் இல்லை. நான்கு தலைமுறையாக அந்த ஊரில் ஒரு அப்பனும் தொலைக்காததைத் தான் தொலைத்துவிட்டோமே என்று மனம் விட்டுப் போனது.

"பீப்பாய் எப்ப எடுக்கப் போற?" என்று வீட்டில் தேசாங்கா கேட்டாள்.

"நாளைக்கு. நான் மட்டும் போறேன். அது அப்பன் தனியா செய்ய வேண்டிய காரியம்."

"சரி" என்றாள் அவள். அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

மறுநாள் காலையில் தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, நான்கு ஊர் தள்ளிப் போனான் ராதிவோய். அங்கே பெர்சிதா என்ற விதவை பிராந்தி காய்ச்சுகிறாள். தன்னை அறிந்தவர் யாரும் அங்கே போக மாட்டார்கள் என்பது அவன் கணக்கு.

"மல்பெரி பிராந்தி வேணும்மா. நல்ல பழசா. பாட்டில்ல வேணாம், சின்ன ஓக் பீப்பாயில."

"யாருக்கு?"

"சிநேகிதன் ஒருத்தனுக்கு. வயித்துவலி."

வயிற்றுவலிக்கு இருபது லிட்டரா என்று பெர்சிதா கேட்கவில்லை. மண் அப்பிய அவன் பூட்ஸை ஒரு பார்வை பார்த்தாள். பழைய கிடங்குக்குள் போனாள். இருட்டில் வரிசையாக அடுக்கியிருந்த சின்ன ஓக் பீப்பாய்களில் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தாள். பிறகு இரண்டு வாளிகளைத் தூக்கி வந்து அவன் முன்னால் வைத்துவிட்டு, கொத்துக் கரண்டியைக் கையில் எடுத்தாள்.

"முப்பதோட நிறுத்தினவங்களுக்குக் கறுப்புச் சேறு பூசுவேன், எழுபது வரைக்கும் போனவங்களுக்கு மஞ்சக் களிமண்ணு. நீ எதுவரைக்கும் உழுத, தம்பி?"